தூக்கணாங்குருவி

தூக்கணாங்குருவி என்பது பனையோலையின் நுனியிலும், கிணற்றின்மேல் சாய்ந்து நிற்கும் கருவேலங்கிளையிலும், சுரைக்குடுக்கை வடிவில் கூடு பின்னித் தொங்கவிடுகின்ற, ஊர்க்குருவியின் பருமனே உள்ள ஒரு சிறு பட்சியாகும். இது சேர்ந்துள்ள நெசவுக்குருவிக் குடும்பத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஆப்பிரிக்காக் கண்டத்துக்கு உரியவை. இந்தியாவில் காணப்படுபவை நான்கே. அந்நான்கினுள்ளும், இமயமலையின் அடிவாரத்துத் தராய்ப் புல்வெளிகளில் வாழும் மஞ்சள் நிற இனம் இன்று அழிந்துபோகும் அபாயத்தில் இருக்க, நாம் இங்கே விவரிக்கும் இனமோ பாகிஸ்தான் முதல் ஜாவாத் தீவு வரையில் நெல்லும் புல்லும் விளையும் சமவெளிகளிலெல்லாம் பரவியிருக்கிறது. 1766-இல் இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டிய லின்னேயஸ், இது பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து கிடைத்த பறவை என்று நம்பி அத்தீவுகளின் பெயரையே இட்டுவிட்டார். அத்தீவுகள் இதன் இயற்கையான வாசஸ்தலம் அல்ல என்பதும், முதன்முதலாக வருணிக்கப்பட்ட பறவை இலங்கையைச் சேர்ந்தது என்பதும் பின்னர் தெளிவாயின.

ஆண்டின் பெரும்பகுதியில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது எளிதன்று. இரண்டும் மங்கிய பழுப்பு நிறத்தில், முதுகில் கருங்கீற்றுகளுடன், வயல்வெளிகளில் கூட்டமாய்த் திரிகின்றன. மழைக்காலம் நெருங்கியதும் ஆணின் உச்சந்தலையும் மார்பும் பொன்மஞ்சளாக ஒளிர்ந்து, முகத்தில் கரும்பழுப்பு முகமூடி ஒன்று படர்கிறது. நெற்பயிரும் நாணலும் நீளமாய் வளர்ந்து, நார் கிழிப்பதற்கு ஏற்ற பதத்தில் நிற்கும் அப்பருவமே இதன் இனப்பெருக்க காலம்.

கூடு கட்டும் வேலை ஏறக்குறைய முழுவதும் ஆணினுடையது. அவ்வேலையை அருகிலிருந்து பொறுமையுடன் பார்த்தவர்களுக்கு, அலகு ஒன்றையும் கால் இரண்டையும் தவிர வேறு கருவி ஏதுமில்லாத ஒரு ஜீவன் இவ்வளவு நுட்பமாகப் பின்னக்கூடுமா என்ற ஆச்சரியம் ஒருபோதும் தீர்வதில்லை. குருவி பச்சை நெல்தாளின் ஓரத்தை அடிப்பக்கத்தில் அலகால் சிறிது வெட்டி, வெட்டிய முனையைக் கவ்விக்கொண்டு அப்படியே மேல்நோக்கிப் பறக்கிறது. பறக்கும் வேகத்திலேயே தாளின் விளிம்பு ஒரு சீரான நாராகக் கிழிந்து வந்துவிடுகிறது. தென்னங்கீற்றிலும் பனையோலையிலும் இதே முறைதான். ஒரு சாண் முதல் முக்கால் முழத்துக்கும் மேலாக நீளும் அந்த நாரின் ஒரு முனையைக் காலால் கிளையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அலகால் செருகி, அப்புறமாகச் சென்று அதே முனையைப் பற்றி இழுத்து, பின்னர் எதிர்த்திசையில் திருப்பி மீண்டும் செருகுகிறது. பச்சையாய் இருக்கும்வரையில் நார் வளைந்து கொடுக்கும். உலர்ந்ததும் பழுப்பாகி விறைத்து, போட்ட முடிச்சை இறுக்கிக்கொள்ளும். ஆகவே உலர்ந்த புல் எவ்வளவு அருகில் கிடந்தாலும் குருவி அதை நாடுவதில்லை. ஒரு கூட்டுக்காக இது சுமார் 500 தடவை நார் கொண்டுவர வேண்டியிருக்கும் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது.

முதலில் கிளையின் நுனியில் பல சுற்றுகள் சுற்றி ஒரு காம்பு உருவாகிறது. காம்பிலிருந்து ஒரு வளையம் தொங்குகிறது. அவ்வளையத்தின் அடிப்பகுதியில் நின்றுகொண்டே குருவி தனக்கு எட்டிய தூரம்வரையில் முன்னும் பின்னும் பின்னிச் செல்ல, சுமார் எட்டு நாளில் அடிப்பக்கம் திறந்த, நடுவே குறுக்குப்பட்டை ஓடுகின்ற தலைக்கவசம் போன்ற வடிவம் அமைகிறது. இந்நிலையில் வேலையை நிறுத்திவிட்டு, ஆண் அக்கூட்டின் அடியில் தொங்கியபடி சிறகடித்துக் கூவத் தொடங்குகிறது. அருகில் வரும் பெண் குருவிகள் ஒவ்வொரு கூடாக நுழைந்து சோதித்துப் பார்க்கின்றன. ஒரு பெண் ஏற்றுக்கொண்ட பிறகே ஆண் மேற்கொண்டு பின்னுகிறது. அப்பொழுது குறுக்குப்பட்டையின் ஒருபுறம் அடியில் மூடப்பட்டு முட்டையறையாகிறது. மறுபுறம் கீழ்நோக்கி நீண்டு குழாய் வடிவான வாயிலாகிறது. எவ்வளவு காற்றடித்துக் கூடு ஊசலாடினாலும் முட்டைகள் குழாய் வழியே உருண்டு விழாமல் காப்பது, படிக்கட்டு போல் நடுவில் நிற்கும் அந்தப் பட்டையே. ஆக, முழுக்கூடு முடிவதற்கு ஏறத்தாழ 18 நாட்கள் செல்கின்றன.

பெண்ணின் அங்கீகாரம் கிடைக்காத கூடுகள் தலைக்கவச நிலையிலேயே நின்றுபோகின்றன. இத்தகைய அரைகுறைக் கூடுகளை, ஆண் குருவி இளைப்பாறுவதற்கென்று தனியே கட்டிக்கொண்ட ஊஞ்சல் என்று ஜனங்கள் நெடுங்காலமாய்ச் சொல்லிவந்தார்கள். இவ்விஷயத்தில் உண்மையைக் கண்டறிந்து கூறியவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. 1930-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், பம்பாய்க்குத் தெற்கே கடலோரமாய் உள்ள கிஹிம் கிராமத்தில் ஒரு குருவிக் குடியிருப்பைத் தொடர்ந்து கவனித்த அவர், ஓர் ஆண் முதற் கூட்டில் ஒரு பெண்ணைக் குடியேற்றிய பின்பு, இரண்டாவது கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை வரவேற்கிறது என்பதையும், சந்தர்ப்பம் வாய்த்தால் மேலும் கட்டுகிறது என்பதையும் விளக்கி, அடுத்த ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். பெண் எதைக் கண்டு கூட்டைத் தேர்ந்தெடுக்கிறது என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், நெசவின் அழகைவிடக் கூடு தொங்கும் இடமே அதற்கு முக்கியமானது என்று முடிவு செய்திருக்கிறார்கள். இந்தக் கவனம் அதன் விவேகத்தைக் காட்டுகிறது என்பதே என் அபிப்பிராயம். ஏனெனில், காகமும் ஓணானும் எலியும் எட்ட முடியாத கிளையில்லாவிட்டால் எவ்வளவு சிறந்த பின்னலும் குஞ்சுகளைக் காப்பாற்றாது.

மழையில் நனைந்து நடுங்கிய குரங்குக்குப் புத்தி சொல்லப்போய்க் கூட்டையே இழந்த குருவியின் கதையை அறியாத தமிழ்க் குழந்தை இராது. அக்கதையின் நீதி நிலைத்து நிற்கட்டும். ஆனால் அது நம் மனத்தில் பதித்துவிட்ட சித்திரம், அதாவது கணவனும் மனைவியும் கூட்டினுள் சேர்ந்து கதகதப்பாய் வாழ்கிறார்கள் என்பது, பிரத்தியட்சத்துக்கு ஒத்ததன்று. கூடு என்பது தொட்டில் மட்டுமே. அதில் இரண்டு முதல் நான்கு வரையில் வெண்மையான முட்டைகளையிட்டு, 14 முதல் 17 நாட்கள் அடைகாப்பவள் தாய் ஒருத்தியே. இரை ஊட்டும் பொறுப்பும் பெரும்பாலும் அவளுடையதே. குஞ்சுகள் ஏறத்தாழ 17 நாளில் பறந்து வெளியேறிவிடுகின்றன. கதையை விட உண்மைக்கு நெருக்கமாய் நிற்பது நம் பழம்புலவரின் கண். குறுந்தொகையில் இப்பறவை நெடிய பனைமரத்திலே தொடுத்த கூட்டோடு சேர்த்தே பேசப்படுகிறது.

அரைகுறைக் கூட்டின் உட்புறத்தில் குருவிகள் ஈரமண் உருண்டைகளை அப்பிவைப்பதுண்டு. இரவில் விளக்காக மின்மினிப் பூச்சிகளைப் பிடித்து அம்மண்ணிலே பதித்துவைக்கின்றன என்ற செய்தி நாடெங்கும் வழங்கிவந்தபோதிலும், அதற்கு ஆதாரம் ஒன்றும் அகப்படவில்லை. கூடு காற்றில் மிகுதியாய் அலையாமலிருக்கப் பாரமாக மண் பயன்படுகிறது என்பது சிலர் கொள்கை. இனி, பெரும்பாலான கூடுகள் மரத்தின் கிழக்குப் பக்கத்தையே நாடுவது தென்மேற்குப் பருவக்காற்றின் மோதலிலிருந்து தப்புவதற்காக என்பது பொருத்தமான விளக்கம். முட்கள் நிறைந்த மரமும், அடியில் நீர் தேங்கிய இடமும் இவற்றுக்கு உகந்தவை.

நெசவு பிறவியிலேயே அமைந்த வித்தையா, பழகி வருவதா என்ற கேள்விக்கு, இதன் ஆப்பிரிக்க உறவினமான கிராம நெசவுக்குருவியிடத்துச் செய்த சோதனைகள் ஓரளவு விடை தந்துள்ளன. குஞ்சுப் பருவத்திலிருந்தே நார் கிடைக்காமல் வளர்க்கப்பட்ட ஆண்கள், பின்னர் நார் கொடுக்கப்பட்டபோது சரிவரப் பின்ன இயலாமல் திணறின. நம் குருவியின் கற்கும் ஆற்றலையோ வித்தைக்காரர்கள் நெடுங்காலமாய் அறிந்திருந்தார்கள். வீசிய பொருளை அந்தரத்திலேயே பற்றிக் கொணரவும், சிறு பீரங்கியைச் சுடவும் இதனைப் பழக்கிக் கடைத்தெருவில் காட்டிவந்தார்கள்.

தானியம் தின்பதால் உழவருக்கு இது பகை என்ற பேச்சு உண்டு. கதிர் முற்றிய வயலில் கூட்டமாய் இறங்கும்போது நஷ்டம் நேர்வது மெய்யே. ஆயினும் குஞ்சுகளுக்கு இது ஊட்டும் இரையில் வெட்டுக்கிளியும் புழுவும் நிறைந்திருப்பதால், அதே வயலுக்கு இது செய்யும் உபகாரத்தையும் சேர்த்து எண்ணுவதே நியாயமாகும்.

  செங்கற் சூளைக்காகக் கூட்டுப்பனை ஒன்று வெட்டப்படும்போதும், பாழ்ங்கிணறு ஒன்று தூர்க்கப்பட்டு அதன்மேல் சாய்ந்திருந்த கிளை போகும்போதும், ஒரு பருவத்துக் கூடுகளோடு அந்த இழப்பு நிற்பதில்லை. ஒரு குடியிருப்பே கலைந்துபோகிறது. வீட்டு அலங்காரத்துக்கென்று கூடுகளை அறுத்துவந்து விற்பவர்களும் உண்டு. குருவிகள் விட்டுச் சென்ற கூடு வெறுங்கூடு என்று எண்ணிவிடலாகாது. பருவம் முடிந்த பின்பு அதனுள் சில்லைக் குருவிகள் குடியேறி முட்டையிடுவதுண்டு, மரமேறும் சிற்றெலியும் அதில் தங்குவதுண்டு. ஆதலால் கூட்டைப் பார்க்க விரும்புவோர் மரத்தடியிலிருந்து பார்ப்பதோடு அமைவதும், நிலத்தில் விழுந்து கிடப்பதை மட்டுமே எடுத்துச் செல்வதும் தக்கதாகும்.