சேத்துப்புண்ணும் மூணு நாள் க்ரீமும்

ஐப்பசி வந்துட்டா சேந்தமங்கலத்துல இருந்து பார்த்தா கொல்லிமலையே தெரியாது, எல்லாம் மேகம். வயல் வேலைக்குப் போன எங்க ஆயாவுக்கு விரலிடுக்குல சேத்துப்புண் வந்துடும். காலைக் கழுவி, துணியால ஒத்தி, மஞ்சளை எண்ணெயில குழைச்சுத் தடவுவாங்க. "ஈரத்தோட படுக்காதடா"ன்னு எனக்கும் திட்டு விழும்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவமும் கிட்டத்தட்ட இதையேதான் செய்தது. 1914 குளிர்காலத்தில் பதுங்குகுழித் தண்ணியில் நின்ற ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் பாதம் மரத்து அழுகியது. (அது பூஞ்சை இல்லை, வேற நோய். ஆனா வில்லன் அதே ஈரம்தான்.) காலைத் துடை, சாக்ஸ் மாத்து, திமிங்கில எண்ணெய் தடவுன்னு உத்தரவு போட்டாங்க.

பூஞ்சைக்கான கிரிசியோஃபுல்வினை 1939ல் கண்டுபிடிச்சாலும், மனுஷனுக்கு மாத்திரையா 1958ல்தான் கொடுத்துப் பார்த்தாங்க. பிற்பாடு நம்மூர்ல கடைக்குக் கடை பரவினது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். மழையில நனைஞ்ச ஜீன்ஸோட ஆபீஸ்ல ஆணி புடுங்கி, படர்தாமரை வாங்கின நானும் மருந்துக்கடையில கேட்டு வாங்கித் தடவினேன். மூணே நாள்ல அரிப்பு போச்சு! ஒரே மாசத்துல இடுப்பு வரைக்கும் படர்ந்துச்சு. ஸ்டீராய்டு தோலோட எதிர்ப்பை அடக்கிடும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு தோல் மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு சொன்னது. 2020ல் இந்த வகைப் பூஞ்சை ஒண்ணுக்கு ஜப்பான் ஆய்வாளர்கள் வெச்ச பேர்லயே இந்தியா இருக்கு: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. வழக்கமான மருந்துக்கே பல சமயம் அடங்காது. பெருமைப்படவா முடியும்?

டாக்டர் என் ட்யூபைக் குப்பையில போட்டுட்டு ஆறு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். கூடவே, குளிச்சதும் இடுக்கெல்லாம் துடைங்க, ஈரத்துணியோட இருக்காதீங்கன்னார். ஆயாகிட்ட சொன்னேன். "இதைச் சொல்றதுக்கு எவ்வளவு ஃபீஸ் வாங்குனாரு?"ன்னாங்க.