பாறசாலை எல்லையும் பழைய நில ஏடுகளும்

நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து இக்குடியிருப்புக்கு வந்து சேர்ந்த நம்மவர் சிலர் வீட்டுப் பெட்டியின் அடியில் பழைய ஆதாரங்கள் கிடக்கும். "நெய்யாற்றின்கரைத் தாலுகா, பாறசாலைப் பகுதி" என்று அவற்றில் வரைந்திருக்கக் காணலாம். ஈண்டுப் 'பகுதி' என்பது கூறு அன்று. திருவிதாங்கூர் அரசின் வருவாய்க் கிராமம். வரிக்கணக்கை வைத்திருந்தவர் பார்வத்தியகாரர்.

மார்த்தாண்டவர்மர் காலத்தில், 1739 அளவில், பள்ளியாடி மல்லன் சங்கரன் நாட்டு நிலங்களுக்குக் கண்டெழுத்து நடத்தினார். கண்டு எழுதியமையால் கண்டெழுத்து! தேவஸ்வம், பிரம்மஸ்வம், தானம், பண்டாரவகை என நிலம் நான்காக வகுக்கப்பட்டது. வயலின் பரப்பை அதில் விதைக்கும் நெல்லின் அளவால் கூறினர். தோட்டமாயின் தென்னையும் கமுகும் பலாவும் எண்ணி வரி விதித்தனர்.

கும்பினியாரோடு 1795-லும் 1805-லும் செய்த உடன்படிக்கைகளுக்குப் பின் ஆங்கிலேயர் கை ஓங்கிற்று. 1810-இல் ரெசிடெண்டாக வந்த கர்னல் ஜான் மன்றோ, 1811 முதல் 1814 வரை திவானாகவும் இருந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட கோயில்களின் சொத்துக்களை அரசின் மேற்பார்வையிற் கொணர்ந்தவர் இவரே. சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி முறையை நிலைநாட்டிய தாமஸ் மன்றோ வேறு ஒருவர். இருவரையும் ஒருவராகக் கொண்டு மயங்குவார் உளர். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் படைத்துறையினர் இருவர் நாடு முழுவதும் அளந்து படம் வரைந்தனர். ஆயினும் அது நாட்டின் படமேயன்றி உழவனின் வயற்படம் அன்று.

பண்டாரப்பாட்ட நிலத்தை உழுதவன் நெடுங்காலம் அரசின் குத்தகைக்காரனாகவே கருதப்பட்டான். மாதவராயர் திவானாயிருந்த 1865-ஆம் ஆண்டு விளம்பரமே, அந்நிலத்தை விற்கவும் ஒற்றி வைக்கவும் அவனுக்கு உரிமை தந்தது. அதன் பின்னர், 1883-இல் தொடங்கி 1911-இல் முடிந்த நில அளவை ஒவ்வொரு வயலுக்கும் எண் கொடுத்தது. 'பலாமரத்துக்குக் கிழக்கு' என்பன போன்ற எல்லைகள் மெல்ல மறைந்தன. வழக்குகள் குறைந்திருக்கலாம், ஆனால் ஏட்டில் பெயர் ஏறாது பாடுபட்டோர்க்கு அவ்வெண்ணால் விளைந்த பயன் சிறிதே என்பது நம் கருத்து.

வரி தண்டுவதற்காக வகுத்த தாலுகா எல்லைக்குப் பின்னாளில் வேறொரு கனமும் ஏறிற்று. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. மாநில மறுசீரமைப்பில் தாலுகாவே பெரும்பாலும் அலகாயிற்று. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தாலுகாக் கணக்கில் எல்லையோரச் சிற்றூர்களின் தமிழ்க் குடும்பங்கள் தனியே தெரியவில்லை.

களியக்காவிளையில் வீடும் பாறசாலையில் தோப்பும் உடையார்க்கு இன்றும் இரண்டு மாநிலத்துக் கிராம அலுவலகங்கள். ஒன்றில் தமிழ், மற்றொன்றில் மலையாளம். மறு அளவை நடந்த ஊர்களில் எண்களும் மாறிவிட்டன. பழைய எண் கையில் இல்லையேல் புதியதோடு ஒத்துப் பார்த்தல் அரிது. ஆதலின் விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள், பெட்டியடியில் உள்ள அந்தத் தாளைக் கறையான் அரிக்குமுன் படியெடுத்து வருவார்களாக.