வெள்ளை மாளிகைக்கு வழி – 14: இருபது ஆண்டுப் பகை

1968 அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக வியட்நாமிலிருந்துதான் தொடங்குவார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொலை, ராபர்ட் கென்னடி கொலை, சிகாகோ தெருக்களில் இளைஞர்களின் மண்டை உடைந்தது என்று அந்த ஆண்டு முழுக்க ரத்தமும் புகையும்தான். அதையெல்லாம் சொல்லத்தான் போகிறேன். ஆனால், முடிவைத் தீர்மானித்தது அந்தக் கூச்சல் அல்ல என்பது என் கட்சி. பிலடெல்பியாவில் இருபது ஆண்டுகளுக்கு முன் மூண்ட ஒரு சண்டையின் தீர்ப்புதான் 1968-ல் வந்தது. இரண்டு பேரைப் பின்தொடர்ந்து போனால் கதை பிடிபட்டுவிடும். ஒருவர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி. இன்னொருவர் ஸ்ட்ராம் தர்மண்ட். சண்டை மூண்டபோது இருவரும் ஒரே கட்சி.

அந்தக் கட்சியின் பெயர் ஜனநாயகக் கட்சி. அன்றைய ஜனநாயகக் கட்சியை இன்றைய கண்ணோடு பார்த்தால் குழப்பமே மிஞ்சும். அடிமை முறையை ஒழித்த லிங்கன் குடியரசுக் கட்சிக்காரர். உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநில வெள்ளையர்கள் அந்தக் கோபத்தைப் பேரப்பிள்ளைகள் வரை கைமாற்றிக் கொடுத்தார்கள். தெற்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஜனநாயகக் கட்சி. கறுப்பர்கள் ஓட்டுப் போடவே முடியாதபடி அங்கே எழுத்தறிவுச் சோதனை, வாக்கு வரி என்று ஏற்பாடுகள் இருந்தன. வடக்கிலோ அதே கட்சிக்கு ஆலைத் தொழிலாளர்களும் கத்தோலிக்கர்களும் ஓட்டுப் போட்டார்கள். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்திலிருந்து வடக்கே குடியேறிய கறுப்பர்களும் சேர்ந்துகொண்டார்கள். பேச்சுவார்த்தை அற்றுப்போன இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டில் குடியிருந்த மாதிரி.

1948 ஜூலை 14. பிலடெல்பியாவில் கட்சி மாநாடு, புழுங்கித் தள்ளும் கோடை. மினியாபோலிஸ் நகர மேயர் ஹம்ஃப்ரி மேடையேறினார். வயது 37. கறுப்பர்களின் உரிமைக்கு ஆதரவாகக் கட்சி வெளிப்படையாகத் தீர்மானம் போட வேண்டும், மாநில உரிமை என்ற நிழலில் இனியும் ஒதுங்க வேண்டாம் என்றார். பத்து நிமிடத்துக்கும் குறைவான பேச்சு. அதிபர் ட்ரூமனின் ஆட்களே மழுப்பலான ஒரு வாசகத்தோடு தப்பித்துவிடப் பார்த்த விஷயம் அது. வாக்கெடுப்பில் ஹம்ஃப்ரியின் தரப்புக்கு 651½, எதிராக 582½. மிசிசிப்பி பிரதிநிதிகள் அத்தனை பேரும், அலபாமா பிரதிநிதிகளில் பாதிப் பேரும் எழுந்து வெளியேறினார்கள்.

மூன்றே நாளில் அலபாமாவின் பர்மிங்காமில் போட்டிக் கூட்டம் கூடியது. தென் கரோலினா ஆளுநர் ஸ்ட்ராம் தர்மண்டை அதிபர் வேட்பாளராக நிறுத்தினார்கள். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர். நம்மூர் ராஜ்பவன் கணக்கு அல்ல.) நான்கு தென்மாநிலங்கள், 39 தேர்வாளர் வாக்குகள். ட்ரூமனை வீழ்த்த அது போதவில்லை. தெற்கில் கொஞ்சம் போனாலும் ஜெயித்துவிடலாம் என்று வடக்குத் தலைவர்கள் தெம்பானார்கள். ஆனாலும் பயம் போகவில்லை. 1952-ல் துணை அதிபர் வேட்பாளர் அலபாமாக்காரர், 1956-ல் டென்னசிக்காரர், 1960-ல் டெக்சாஸ்காரர் என்று ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

தர்மண்ட் கட்சிக்குத் திரும்பி செனட்டரானார். 1957-ல் ஒரு சிவில் உரிமை மசோதாவைத் தடுக்க 24 மணி 18 நிமிடம் தனி ஆளாகப் பேசினார். அப்படியும் மசோதா நிறைவேறிவிட்டது. இன ஒதுக்கலுக்காக உயிரைக் கொடுத்துப் பேசிய இந்த மனிதருக்கு, இளவயதில் தன் குடும்ப வீட்டில் வேலை செய்த ஒரு கறுப்பினப் பெண்ணிடம் பிறந்த மகள் இருந்தார் என்பது அவர் 2003-ல் நூறு வயதில் இறந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. எந்த நாவலாசிரியரும் எழுதத் தயங்கும் திருப்பம்.

1964-ல் இருவரும் மறுபடி நேருக்கு நேர். அதிபர் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த சிவில் உரிமை மசோதாவை செனட்டில் நடத்திச் செல்லும் பொறுப்பு, அப்போது செனட்டராக இருந்த ஹம்ஃப்ரியிடம். தென்மாநில செனட்டர்கள் மாதக்கணக்கில் பேசிப் பேசி இழுத்தடித்தார்கள். ஹம்ஃப்ரி, குடியரசுக் கட்சித் தலைவர் எவரெட் டர்க்சனைத் தன் பக்கம் இழுத்து, ஜூன் 10-ல் 71-க்கு 29 என்ற கணக்கில் அந்தப் பேச்சை முடித்துவைத்தார். ஜூலை 2-ல் ஜான்சன் கையெழுத்திட்டார். தெற்கை நெடுங்காலத்துக்குக் குடியரசுக் கட்சியிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று அன்றிரவு ஜான்சன் தன்னிடம் சொன்னதாக அவருடைய உதவியாளர் பில் மோயர்ஸ் பின்னாளில் எழுதினார். செப்டம்பரில் தர்மண்ட் கட்சி மாறினார். லிங்கனின் கட்சிக்கு!

அந்த நவம்பரில் ஜான்சன் 61 சதவீத வாக்குகளோடு ஜெயித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். தோற்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தவை ஆறே மாநிலங்கள். ஒன்று அவருடைய சொந்த அரிசோனா. மற்ற ஐந்தும் தெற்கின் அடிவயிறு: மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, தென் கரோலினா. வெற்றிக் களிப்பில் இந்த ஐந்தையும் யார் எண்ணிப் பார்த்தார்கள்?

அடுத்த ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது. மிசிசிப்பியில் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர்கள் 7 சதவீதம்கூட இல்லை. 1967-க்குள் கிட்டத்தட்ட 60 சதவீதமாயிற்று. ஒரு தலைமுறை செய்ய வேண்டிய வேலையை ஒரு சட்டம் இரண்டே ஆண்டில் செய்தது. அதே வேகத்தில் வெள்ளை வாக்காளர்கள் கட்சியை விட்டு நழுவினார்கள். தெற்கில் மட்டுமல்ல. 1965-ல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியும், 1967-ல் டெட்ராய்டும் எரிந்தன. டெட்ராய்டில் மட்டும் 43 பேர் செத்தார்கள். வடக்கின் ஆலைத் தொழிலாளிகூட ‘சட்டம் ஒழுங்கு’ என்று பேசத் தொடங்கினான். 1966 இடைக்காலத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி கீழவையில் 47 இடங்களை இழந்தது. கலிஃபோர்னியாவில் ரொனால்ட் ரீகன் என்ற நடிகர் ஆளுநரானார்.

இந்த நிலத்தின் மேல்தான் வியட்நாம் வந்து விழுந்தது. ஐந்து லட்சம் அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே. 1968 ஜனவரி இறுதியில், டெட் புத்தாண்டு நாளில், சைகோனின் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் புகுந்தார்கள். யுத்தம் முடியப்போகிறது என்று அரசு சொல்லிவந்த கதை தொலைக்காட்சியில் பொய்த்தது. மினசோட்டா செனட்டர் யூஜின் மெக்கார்த்தி போரை எதிர்த்து, சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராகவே களத்தில் நின்றார். தாடியை மழித்து, முடியை வெட்டிக்கொண்டு மாணவர்கள் வீடு வீடாக அவருக்கு ஓட்டுக் கேட்டார்கள். மார்ச் 12, நியூ ஹாம்ப்ஷயர் முதன்மைத் தேர்தல். ஜான்சன் 49 சதவீதம், மெக்கார்த்தி 42. பதவியில் இருக்கும் அதிபருக்கு அது தோல்விக்குச் சமம்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்த 42 சதவீதமும் சமாதான ஓட்டு என்றுதான் அன்று எல்லோரும் எழுதினார்கள். ஆய்வாளர்கள் பிறகு கேட்டுப் பார்த்தால், மெக்கார்த்திக்குப் போட்டவர்களில் போரை இன்னும் கடுமையாக நடத்த வேண்டும் என்று நினைத்தவர்களே அதிகம்! வேட்பாளரின் கொள்கை அவர்களுக்குப் பொருட்டே அல்ல. ஜான்சன்மேல் கோபம், அவ்வளவுதான்.

நான்கு நாளில் ராபர்ட் கென்னடியும் குதித்தார். மார்ச் 31 இரவு தொலைக்காட்சியில் பேசிய ஜான்சன், குண்டுவீச்சைக் குறைப்பதாக அறிவித்துவிட்டு, கடைசியில் தான் மறுபடி போட்டியிடப் போவதில்லை என்றார். ஏப்ரல் 4-ல் மெம்ஃபிஸில் கிங் சுடப்பட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் கலவரம். ஜூன் 4-ல் கலிஃபோர்னியாவில் ஜெயித்த கென்னடி, நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில் ஓட்டல் சமையலறையை ஒட்டிய வழியில் சுடப்பட்டு, 6-ஆம் தேதி இறந்தார். வயது 42.

ஜான்சனின் துணை அதிபராக இருந்த ஹம்ஃப்ரி ஏப்ரல் கடைசியில்தான் களமிறங்கினார். ஒரு முதன்மைத் தேர்தலில்கூடப் போட்டியிடவில்லை. அன்றைக்குப் பெரும்பாலான மாநிலங்களில் அப்படியொரு தேர்தலே கிடையாது. மாநாட்டுப் பிரதிநிதிகளை மேயர்களும் ஆளுநர்களும் தொழிற்சங்கத் தலைவர்களும் கையில் வைத்திருந்தார்கள். முறைப்படி அதில் தவறில்லை. ஆனால் வெயிலில் அலைந்து ஓட்டுக் கேட்ட இளைஞனுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு காரியம் முடித்த மாதிரி இருந்தது. ஆகஸ்டில் சிகாகோவில் மாநாடு. மேயர் ரிச்சர்ட் டேலியின் போலீஸ், மிச்சிகன் அவென்யூவில் கேமராக்களின் வெளிச்சத்திலேயே இளைஞர்களை அடித்து நொறுக்கியது. பின்னர் வந்த விசாரணை அறிக்கை அதைப் போலீஸ் கலவரம் என்றே குறிப்பிட்டது. அதே இரவில் ஹம்ஃப்ரி வேட்பாளரானார். இருபது ஆண்டுகளுக்கு முன் கட்சியின் மனசாட்சியாக எழுந்தவரை, இப்போது தடியடியின் வேட்பாளர் என்று பிள்ளைகள் ஏசினார்கள். அவர் செய்த பிழை, போர் விஷயத்தில் ஜான்சனின் நிழலை விட்டு வெளியே வர அஞ்சியதுதான். பிலடெல்பியாவில் ட்ரூமனிடம் காட்டிய துணிச்சலில் பாதி இருந்திருந்தால் போதும்.

இப்போது மயாமி பீச்சுக்குப் போவோம். மூன்று வாரம் முன்னால், ஆகஸ்ட் தொடக்கத்தில், குடியரசுக் கட்சி மாநாடு. கேமராக்களுக்குத் தீனி இல்லாத இடம். என்னைக் கேட்டால் அந்த ஆண்டின் உண்மையான விசேஷம் அங்கேதான் நடந்தது. 1960-ல் அதிபர் தேர்தலிலும் 1962-ல் ஆளுநர் தேர்தலிலும் தோற்று, முடிந்த கதை என்று ஒதுக்கப்பட்ட ரிச்சர்ட் நிக்சன் முன்னணியில் இருந்தார். ஆனால் தென்மாநிலப் பிரதிநிதிகளின் மனம் ரீகனிடம் தாவியது. அவர்களைப் பிடித்து நிறுத்தியவர் தர்மண்ட். நிக்சன் கோடைத் தொடக்கத்திலேயே அட்லாண்டாவில் அவரைச் சந்தித்துப் பேசியிருந்தார். மயாமியில் தர்மண்ட் ஒவ்வொரு குழுவாகப் போய், ரீகன் நல்லவர்தான், ஆனால் ஜெயிக்கப்போவது நிக்சன் என்று சொல்லிச் சொல்லித் தடுத்தார். தேவை 667. முதல் சுற்றிலேயே நிக்சனுக்கு 692. துணை அதிபர் வேட்பாளராகத் தெற்கின் முகம் சுளிக்காத ஒருவரை, மேரிலாந்து ஆளுநர் ஸ்பைரோ ஆக்னியூவை, நிக்சன் எடுத்துக்கொண்டார்.

மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அலபாமாவின் முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ். இன ஒதுக்கல் என்றென்றும் நீடிக்கும் என்று பதவியேற்பு மேடையிலேயே முழங்கியவர். தனிக் கட்சியில் நின்று ஐம்பது மாநிலங்களிலும் வாக்குச்சீட்டில் இடம்பிடித்தார். தான் ஜெயிப்பதல்ல அவர் கணக்கு. தேவையான 270 தேர்வாளர் வாக்குகள் யாருக்கும் கிடைக்காமல் செய்தால், முடிவு கீழவைக்குப் போகும். அங்கே பேரம் பேசலாம். செப்டம்பர் கருத்துக்கணிப்பில் அவருக்கு 20 சதவீதத்தை ஒட்டிய ஆதரவு. ஹம்ஃப்ரியின் தொழிலாளர் ஓட்டை வடக்கில் தின்றார், நிக்சனின் வெள்ளை ஓட்டைத் தெற்கில் தின்றார். வாலஸுக்குப் போடும் ஓட்டு ஹம்ஃப்ரியைத்தான் கொண்டுவரும் என்று தர்மண்ட் தெற்கு முழுக்கப் பிரசாரம் செய்தார். வடக்கில் தொழிற்சங்கங்கள், வாலஸ் ஆண்ட அலபாமாவில் கூலி எவ்வளவு என்று துண்டுப் பிரசுரம் போட்டு எதிர்த்தன. வாலஸ் தன் துணை வேட்பாளராகக் கொண்டுவந்த முன்னாள் விமானப்படைத் தளபதி கர்ட்டிஸ் லீமே, முதல் பத்திரிகையாளர் சந்திப்பிலேயே அணுகுண்டைப் பற்றி அலட்சியமாகப் பேசிக் காரியத்தைக் கெடுத்தார்.

செப்டம்பர் 30-ல், சால்ட் லேக் சிட்டியில், ஹம்ஃப்ரி கடைசியாக வாய் திறந்தார். தான் வந்தால் வட வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்துவேன் என்றார். அவரைக் கூவி விரட்டிய கூட்டம் அடங்கியது. இடைவெளி வாராவாரம் குறைந்தது. அக்டோபர் 31-ல் ஜான்சன் குண்டுவீச்சை முற்றாக நிறுத்தியதும் இருவரும் சமமாக வந்துவிட்டார்கள். இரண்டு நாளில் தென் வியட்நாம் அதிபர் தியூ பாரிஸ் பேச்சுவார்த்தைக்கு வர மறுத்தார். நிக்சன் தரப்பு, ஆனா ஷெனால்ட் என்ற பெண்மணி வழியாக, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகோனுக்குச் சேதி அனுப்பியிருந்தது. ஒட்டுக்கேட்டதால் ஜான்சனுக்கும் தெரியும். ஒட்டுக்கேட்டதை வெளியே சொல்ல முடியாததால் வாயை மூடிக்கொண்டார்.

நவம்பர் 5. நிக்சன் 43.4 சதவீதம், ஹம்ஃப்ரி 42.7, வாலஸ் 13.5. தேர்வாளர் வாக்குகள் 301, 191, 46. ஐந்து லட்சத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசம். சைகோன் வந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். மாறியிருக்கலாம். ஆனால் தெற்கின் கணக்கு மாறியிருக்காது. உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன பதினொரு மாநிலங்களில் ஹம்ஃப்ரிக்குக் கிடைத்தது ஜான்சனின் டெக்சாஸ் ஒன்றுதான். ஐந்து வாலஸுக்கு, ஐந்து நிக்சனுக்கு. தர்மண்டின் தென் கரோலினா நிக்சன் பக்கம்.

நிக்சனின் பிரசாரக் குழுவில் இருந்த கெவின் ஃபிலிப்ஸ் என்ற இளைஞர் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். நிக்சனும் வாலஸும் சேர்ந்தால் 57 சதவீதம். இதுதான் இனி வரப்போகும் பெரும்பான்மை என்று அடுத்த ஆண்டே புத்தகம் எழுதினார். 1972-ல் நிக்சன் 49 மாநிலங்களை வென்றார், தெற்கில் ஒன்றுகூட மிச்சமில்லை. அத்தனை பெரிய வெற்றி கையில் இருந்தவரின் ஆட்கள், அதே ஆண்டு ஜூனில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஏன் திருட்டுத்தனமாக நுழைந்தார்கள்? வாட்டர்கேட் கட்டடத்துக்கு அடுத்த வாரம் போவோம்.