கடல்வழி காத்த தெய்வமகளிர்: முனகத்தா வழிபாட்டின் வரலாறு

ஜப்பானியரின் ஷிந்தோ சமயத்தில் ஊரையும் மலையையும் காக்கும் தெய்வங்கள் பல உள. முனகத்தாவின் தகோரிஹிமே, தகித்சுஹிமே, இச்சிகிஷிமாஹிமே ஆகிய மூவரோ ஒரு கடல்வழியைக் காப்பவர்கள். அக்காவலின் வரலாற்றுப் பின்புலத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கி.பி. 720இல் நிறைவுற்ற 'நிஹோன் ஷோக்கி', கதிரவத் தெய்வமான அமதெராசு இம்மூவரையும் கடல்வழியில் இறங்கி அரச மரபினருக்குத் துணைநிற்குமாறு பணித்ததாகக் கூறுகிறது. தகோரிஹிமே உறையும் ஒக்கினோஷிமா தீவு, கியூஷு கரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கொரியா செல்லும் வழியில் அமைந்துள்ளது. நான்காம் நூற்றாண்டு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு வரை அங்கு அரசு சார்ந்த வழிபாடு நடைபெற்றது. 1954க்கும் 1971க்கும் இடையே நிகழ்ந்த அகழாய்வுகளில் கிடைத்தவற்றுள் ஏறத்தாழ 80,000 பொருள்கள் தேசியச் செல்வமாகப் போற்றப்படுகின்றன. கொரியாவின் சில்லா நாட்டுப் பொன் மோதிரமும் பாரசீகக் கண்ணாடிக் கிண்ணத்தின் துண்டுகளும் அவற்றுள் அடங்கும்.

சீனத்தின் தாங் பேரரசுக்குத் தூதுக்குழு அனுப்பும் திட்டம் 894இல் கைவிடப்பட்டது. அக்காலத்தை ஒட்டியே தீவில் அரசு வழிபாடும் நின்றது. ஆயினும் காணிக்கைகள் பெரும்பாலும் வைத்த இடத்திலேயே நிலைத்தன. தீவில் கண்டதை வெளியே சொல்லலாகாது, ஒரு குச்சியையும் எடுத்துச் செல்லலாகாது என்னும் விலக்குகளை உள்ளூர் மக்கள் வழிவழியாகப் பேணியமையே இதற்குக் காரணம்.

அதே மரபு பெண்களைத் தீவில் கால்வைக்க விடவில்லை. அவர்கள் ஓஷிமா தீவில் நின்று தொலைவிலிருந்தே வணங்கினர். 2017இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற பின்னரும் அவ்விலக்கு தொடர்ந்தது. 2018 முதல் ஆண்களின் பொது வருகையும் நிறுத்தப்பட்டது.

கடலோடிகளைத் தெய்வம் காத்தது என்பது நம்பிக்கை. தெய்வத்தின் உடைமையைக் கடலோர மக்கள் காத்தனர் என்பது வரலாறு. அக்காவலின் விலையில் ஒரு பகுதியைப் பெண்கள் செலுத்தினர் என்பதும் அவ்வரலாற்றில் பதிவு செய்யத்தக்கதாகும்.