அலூசியன் வான்போர் (1942–1945)

இரண்டாம் உலகப் போரின்போது அலாஸ்காவுக்கு மேற்கே நீளும் அலூசியன் தீவுகள் மீதும், அவற்றுக்கப்பால் ஜப்பான் வசமிருந்த குரில் தீவுகள் மீதும் அமெரிக்க, கனடிய விமானங்கள் நடத்திய வேவு, குண்டுவீச்சு நடவடிக்கைகள். இப்பகுதியில் கோடையிலும் மூடுபனி விலகுவது அரிது. மலைச்சரிவுகளிலிருந்து ‘வில்லிவா’ எனப்படும் சூறைக்காற்று திடீரெனப் பாயும். எதிரியின் சூட்டில் விழுந்தவற்றைவிட வானிலைக்குப் பலியான விமானங்களே அதிகம்.

1942 ஜூன் 3, 4 தேதிகளில் ஜப்பானிய விமானங்கள் டச்சு ஹார்பர் தளத்தைத் தாக்கின. அடுத்த சில நாட்களில் கிஸ்கா, அட்டு தீவுகள் ஜப்பானியர் கைக்குப் போயின. அதையே வேவு விமானங்கள் ஜூன் 10இல்தான் கண்டறிந்தன. உடனே, ரோந்துக்கென்றே கட்டப்பட்ட மந்தகதிக் கேட்டலினா கடல் விமானங்களில் குண்டுகளை ஏற்றி அனுப்பினார்கள். விமானிகள் மேகத்துக்கு மேலே காத்திருந்து, இடைவெளி தென்பட்டதும் அதன் வழியே கிஸ்கா துறைமுகத்தின் மீது பாய்ந்தனர். அந்த விமானங்களை அவ்வாறு பயன்படுத்தியது துணிச்சல்தான். ஆனால் இழப்புக்கேற்ற பலன் கிடைக்கவில்லை.

வேவுப் பணியின் பெரிய ஆதாயம் தற்செயலாக வந்தது. டச்சு ஹார்பர் தாக்குதலில் அடிபட்ட, ஜப்பானிய விமானி தடாயோஷி கோகாவின் ஜீரோ போர்விமானம் அகுடான் தீவின் சதுப்பில் சக்கரங்கள் புதைந்து தலைகீழாகக் கவிழ்ந்தது, கோகா இறந்தார். ஜூலையில் ஒரு கேட்டலினா அதைக் கண்டது. கலிபோர்னியாவில் பழுதுபார்த்துப் பறக்கவிட்டபோது, அதுவரை அஞ்சப்பட்ட ஜீரோவின் பலவீனங்கள் தெரியவந்தன.

1942 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கர் அடாக் தீவில் இறங்கி, கடல்நீர் ஏறி இறங்கும் காயலை வடித்து ஓடுதளம் அமைத்தனர். செப்டம்பர் நடுவில் அங்கிருந்து கிஸ்கா தாக்கப்பட்டது. 1943 மே மாதம் அட்டு மீட்கப்பட்டது.

ஜூலை 28 அன்று மூடுபனியின் மறைவில் வந்த ஜப்பானியக் கப்பல்கள், கிஸ்காவில் இருந்த 5,000க்கும் மேற்பட்டோரை ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றிச் சென்றன. அதன்பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் வெறும் தீவின் மீது குண்டு பொழிந்தது. கீழிருந்து எதிர்ச்சூடு குறைந்துவிட்டது, நடமாட்டம் இல்லை என்று விமானிகள் சொன்னார்கள். தலைமை அதை நம்பித் திட்டத்தை மாற்றவில்லை. ஆகஸ்ட் 15இல் ஏறத்தாழ 34,000 பேர் கொண்ட படை இறங்கியது. பனியில் தம்மவரையே சுட்டும், கண்ணிவெடிகளில் சிக்கியும் வீரர்கள் மாண்டனர். பார்த்தவர்களின் சொல்லுக்குச் செவிசாய்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள் இவை.

பிறகு குறி குரில் தீவுகளுக்கு மாறியது. அட்டுவிலிருந்து அங்குள்ள பரமுஷிரோ தீவு வரை ஏறத்தாழ 1,200 கி.மீ. கடல்வழி. 1943 செப்டம்பர் 11 தாக்குதலில் சென்ற விமானங்களில் ஏறக்குறைய பாதி திரும்பவில்லை. சேதமடைந்தவை கம்சாத்காவின் பெட்ரோபாவ்லோவ்ஸ்கில் இறங்கின. சோவியத் அரசு அப்போது ஜப்பானுடன் போரில் இல்லாததால் விமானிகளைத் தடுத்துவைத்து, பின்னர் ஈரான் வழியாக ரகசியமாக அனுப்பியது.

1942 டிசம்பரில் வானிலை வேவுக்குச் சென்று, தரையிறங்க வழியின்றி அட்கா தீவில் மோதி இறக்கப்பட்ட பி-24 லிபரேட்டர் விமானம் இன்றும் அங்கேயே கிடக்கிறது. 2008இல் அது தேசிய நினைவுச்சின்னத்தின் பகுதியாக அறிவிக்கப்பட்டது.