கோணிய கொம்பும் வேட்டையர் நோக்கும்

பதினாறாம் தீர்த்தங்கரராகிய சாந்திநாதரின் இலாஞ்சனம் மான் என்பது நம் இல்லத்துச் சிறுவரும் அறிந்ததே. பீடத்தில் அம்மானைக் கண்டு கைகூப்பிப் பழகிய நமக்கு, ஐரோப்பிய அரசர்கள் அதே விலங்கின் கொம்புகளைச் சுவர் நிறைய மாட்டி மகிழ்ந்த செய்தி வருத்தம் தரும். அவற்றுள்ளும் கோணியும் திரிந்தும் வளர்ந்த கொம்புகளுக்கெனத் தனி மண்டபமே வைத்திருந்தார்கள் என்பது பலர் அறியாத செய்தி.

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அண்மையில் உள்ளது மோரிட்ஸ்பர்க் அரண்மனை. 16ஆம் நூற்றாண்டில் வேட்டை மாளிகையாக எழுந்த அதனைச் சாக்சனி ஆட்சியாளர் அகஸ்டஸ் 1723 முதல் பெரிதாக்கிக் கட்டினார். அதன் உணவு மண்டபத்தில் 71 செம்மான் கொம்புகள் உள்ளன. 24 கிளைகளுக்குக் குறைந்தது ஒன்றும் இல்லை. மற்றொரு மண்டபத்திலோ இயல்பு திரிந்த 39 கொம்புகள். சுவர்களைப் போர்த்தியுள்ள தோலில் தியானா என்னும் வேட்டைத் தெய்வத்தின் கதைகள் தீட்டப்பட்டிருக்கின்றன.

அம்மண்டபத்தின் புகழ்பெற்ற கொம்பு 66 கிளைகள் கொண்டதென எண்ணப்படுவது. ஒரு பக்கம் மிகுந்திருப்பின் அப்பக்கத்துக் கிளைகளை இரட்டித்துச் சொல்வது அந்நாட்டு வேட்டையர் கணக்கு! 1696இல் பிராண்டன்பர்க் ஆட்சியாளர் மூன்றாம் பிரெடரிக் அம்மானைச் சுட்டார். அவர் மகன் அக்கொம்பை அகஸ்டஸுக்குக் கொடுத்து, ஈடாக நெட்டை வீரர் படைப்பிரிவு ஒன்றைப் பெற்றார் என்று கூறுவர். மானின் கொம்புக்கு மனிதரை விலையாகக் கொடுத்த காலம் அது. அன்றைய அரசர்க்குக் கோணற்கொம்பு முத்தும் பவளமும் போன்ற ஓர் அரும்பொருள். அது ஏன் கோணியது என்று ஆராயும் நோக்கம் அவர்க்கு இல்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோக்கு மாறிற்று. ராஸ்ஃபெல்ட் போன்ற ஜெர்மானிய வனத்துறையினர், குறையுடைய மானை முன்னதாகச் சுட்டு நீக்கினால் நல்லினம் பெருகும் என்றனர். துப்பாக்கியாலேயே மானினத்தைப் பேணுதல் என்பது அவர்கள் கொள்கை. 1934இல் நாஜி அரசு இயற்றிய வேட்டைச் சட்டம் இதனை நாடு முழுமைக்கும் விதியாக்கிற்று. முன்னர் அரும்பொருளாய் இருந்த கோணற்கொம்பு இப்போது குலக்குற்றம் ஆயிற்று. கிளையின்றி ஈட்டிபோல் நீண்ட கொம்புடைய மானுக்கு வேட்டையர் இட்ட பெயர் 'கொலையாளி'. போரிடும்போது எதிரியின் கொம்பைத் தாங்கி நிறுத்தக் கிளை இல்லாமையால் அது உடலில் பாய்ந்துவிடும் என்பது அவர்கள் கூறும் காரணம். துப்பாக்கி ஏந்தியவர் மானுக்கு இப்பெயரிட்டதை என்னென்பது!

இனி, கொம்பு கோணுவது ஏன் எனக் காண்போம். நம் சங்கப் புலவர் பாடிய இரலையின் முறுக்குக் கொம்பு வாழ்நாள் முழுதும் நிலைப்பது. செம்மான், புள்ளிமான், கடமான் ஆகியவற்றின் கொம்போ ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும் எலும்பு. தமிழில் இரண்டையும் கொம்பு என்றே வழங்குவதால் இவ்வேறுபாடு பலர்க்கும் தோன்றுவதில்லை. முளைக்கும் பருவத்தில் குருதி ஓடும் மென்மயிர்த் தோல் அதனைப் போர்த்திருக்கும். அப்போது வேலியிலோ மரத்திலோ மோதிக் காயமுற்றால் கொம்பு வளைந்துவிடும். அவ்வளைவு அவ்வாண்டோடு போம். மறு ஆண்டு நேரிய கொம்பு முளைக்கலாம். கொம்பு முளைக்கும் நெற்றியெலும்பு முறிந்திருந்தால் கோணல் ஆண்டுதோறும் தொடரும். இளமையும் உணவுக் குறையும்கூடக் கொம்பைக் கிளையின்றி நிறுத்திவிடும். இவற்றுள் எதுவும் குலவழி வருவதன்று. காயத்தையும் பசியையும் குலக்குற்றமாகக் கருதிச் சுட்டவர்கள் எத்தனை மான்களை வீணே மாய்த்தார்களோ!

விதைக்கு ஊறு நேர்ந்த மானின் நிலை இன்னும் துயரமானது. அதன் கொம்பு முதிர்வதுமில்லை, உதிர்வதுமில்லை. தோல் உரியாமல் வளர்ந்துகொண்டே போகும். ரோ மான் என்னும் சிறுமானில் அது பொய்முடி கவிழ்த்தாற்போல் கண்களையே மறைத்துவிடுவதுண்டு. விதை நீக்கிய மானின் கொம்பு உதிராது என்பதை அரிஸ்டாட்டிலே எழுதி வைத்திருக்கிறார். எனினும் இத்தகைய தலையை வேட்டையர் பெறற்கரிய பரிசாகவே போற்றினர்.

காலில் பட்ட காயமும் கொம்பில் தெரியும் என்பது வியப்புக்குரியது. பின்னங்கால் ஊனமுற்றால் பெரும்பாலும் எதிர்ப்பக்கக் கொம்பே கோணுகிறது. தப்பிய குண்டு ஒன்று வலப் பின்காலை முறித்திருந்தால், அடுத்துவரும் பருவங்களில் இடக்கொம்பு சிறுத்தோ வளைந்தோ முளைக்கும். அவ்வளைவைக் கண்டு விரும்பி மற்றொருவன் அம்மானைத் தேடி வருவான்.