பெற்றோல் தீர்ந்தால் மட்டும் ஞாபகத்துக்கு வரும் வண்டி

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

இப்னு பதூதா 1344இல் நம் புத்தளக் கரையில் இறங்கியதைப் பாடசாலை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்டதும், ஆரியச்சக்கரவர்த்தி பல்லக்கும் அதைத் தூக்க ஆட்களும் கொடுத்து அனுப்பினார். பல்லக்கில் போனவரின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். தூக்கினவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. நம் பக்கத்துப் பயண வரலாறு அந்தத் தோள்களில்தான் தொடங்குகிறது.

பிறகு ஒல்லாந்தர் கால்வாயில் படகு வந்தது, மாட்டுவண்டி வந்தது, 1926இல் புத்தளத்துக்கு ரயிலும் வந்தது. கற்பிட்டிக் குடாநாட்டுக்கு ரயில் வரவில்லை. பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வரை 40 கிலோமீட்டர் அளவில் நீண்டு கிடக்கும் ஊர்களுக்கு ஒரே வீதி. அந்த வீதியில் சாதாரண மனிதன் யாருடைய தயவும் இல்லாமல் போய்வரச் சைக்கிள்தான் வழி செய்தது. மூத்தாப்பாமார் சைக்கிளில் மீன் கொண்டுபோனார்கள், வெங்காயம் கொண்டுபோனார்கள், பிரசவத்துக்கு மருத்துவிச்சியையும் கூட்டி வந்தார்கள்.

இன்று எழுத நினைத்தது அந்தச் சைக்கிளின் அடுத்த பிள்ளையைப் பற்றி. காலால் மிதிக்கலாம், களைத்தால் வெயிலில் சேர்த்த மின்சாரம் கைகொடுக்கும், விலையும் கூலிக்குப் போகிறவரின் கைக்கு எட்டும். அப்படி ஒரு மூன்று சக்கர வண்டியை நம்மால் செய்ய முடியுமா? உலகம் இதை எப்படி முயன்றது என்று பார்த்துவிட்டு நம்மூருக்கு வருவோம்.

சைக்கிளின் பிறப்பையே பஞ்சத்தோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடைகாலமே வரவில்லை. விளைச்சல் போனது, குதிரைக்குத் தீவனமும் போனது. 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிராய்ஸ் என்பவர் குதிரை இல்லாத இரண்டு சக்கர மரவண்டியில் ஏறி ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதி கிடையாது, காலால் தரையை உந்த வேண்டும். தீவனப் பஞ்சம்தான் அவரை அதற்குத் தள்ளியது என்பதை எல்லா வரலாற்றாசிரியரும் ஏற்பதில்லை. ஆனால் அதற்குப் பிந்திய கதைகளில் பஞ்சத்துக்கும் மிதிவண்டிக்கும் உள்ள உறவு சந்தேகமில்லாமல் தெரிகிறது.

பிரான்ஸில் சார்ல்ஸ் மொஷே என்பவர் தன் மகனுக்காக ஒரு மிதிகாரைச் செய்தார். பார்த்தவர்கள் தங்களுக்கும் கேட்கவே, பெரியவர்கள் ஓட்டும் நான்கு சக்கர மிதிகார்களாக விற்கத் தொடங்கினார். அவருடைய இன்னொரு வண்டி, சாய்ந்து படுத்து மிதிக்கும் இரண்டு சக்கர வண்டி. 1933இல் அதில் ஒருவர் ஒரு மணிநேரச் சாதனையை முறியடித்தார். மறுவருடமே உலகச் சைக்கிள் சம்மேளனம் அந்த வகை வண்டிகளைப் போட்டியிலிருந்து ஒதுக்கிவிட்டது. பிறகு யுத்தம் வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது பிரான்ஸ்காரர்கள் மறுபடியும் அந்த மிதிகார்களைத் தேடினார்கள். யுத்தம் முடிந்ததும் மொஷே குடும்பமே மோட்டார் பூட்டிய சின்னக் கார்களுக்கு மாறிவிட்டது.

இதே கதை நம் நாட்டிலும் நடந்தது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை, பெற்றரி கொண்டுபோகத் தடை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். அதே 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சகோதரர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு இங்கே வந்தார்கள். மன்னாரிலிருந்து பலர் கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்திறங்கினார்கள். வீடு, நகை, கடை என்று இழந்தவற்றைக் கணக்குப் பார்க்கும்போது வாசலில் விட்டுவந்த சைக்கிளை நாம் எண்ணுவதே இல்லை. அகதி முகாமிலிருந்து வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவருக்கு ஒரு சைக்கிள் இருந்ததா இல்லையா என்பதில்தான் அன்றைய வருமானமே தங்கியிருந்தது.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்றார்கள், பாடசாலைகளை மூடினார்கள், மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. பழைய சைக்கிள்கள் கொட்டிலிலிருந்து வெளியே வந்தன. புதிய சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. கியூ.ஆர். அட்டை வந்து வரிசை குறைந்த பிறகு அந்தச் சைக்கிள்கள் மறுபடி கொட்டிலுக்குப் போய்விட்டன. உப்புக்காற்றில் அவை இப்போது என்ன நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது இந்தியாவுக்குப் போவோம். நாம் யோசிக்கும் வண்டிக்கு மிகக் கிட்டிய முயற்சி அங்கேதான் நடந்தது. மகாராஷ்டிராவின் பல்டன் என்ற சிறு ஊரில் நிம்ப்கர் விவசாய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே அனில் ராஜ்வன்ஷி என்ற பொறியியலாளரின் குழு 1990களில் சைக்கிள் ரிக்‌ஷாவை எடுத்து ஆராய்ந்தது. அந்த வண்டியில் கியர் இல்லை, பிரேக் முன்சக்கரத்தில் மட்டும், காற்றை முட்டி மோதும் வடிவம். எத்தனையோ லட்சம் ஏழைகள் உயிரைக் கொடுத்து மிதித்த வண்டியை அதுவரை பெரும்பாலும் யாரும் ஒழுங்காக வடிவமைத்துப் பார்க்கவில்லை. அவர்கள் கியர் போட்டார்கள், பின்சக்கரத்துக்குப் பிரேக் போட்டார்கள், காற்றுத்தடையைக் குறைத்தார்கள். மிதிக்கும்போது மோட்டார் உதவும் வகையையும் செய்தார்கள்.

2008 ஒக்டோபர் 2ஆம் திகதி, காந்தி பிறந்த தினத்தில், டில்லியில் ‘சோலெக்‌ஷா’ அறிமுகமானது. துர்க்காப்பூரில் உள்ள அரச இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தயாரிப்பு. மிதிக்கவும் செய்யலாம், 36 வோல்ட் பெற்றரியிலும் ஓடும், வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். பெயரைக் கேட்டால் கூரையில் தகடு இருக்கும் என்று நினைப்போம். வண்டியில் தகடு இல்லை. சூரிய மின்சார நிலையத்தில் பெற்றரியைச் சார்ஜ் பண்ணுவார்கள், ஓட்டுநர் தீர்ந்ததைக் கொடுத்துவிட்டு நிறைந்ததை வாங்கிப் போகலாம். நல்ல யோசனை. ஆனால் நிலையம் இல்லாத இடத்தில் அது பாரமான ஒரு சைக்கிள் ரிக்‌ஷா மட்டுமே. சில நகரங்களில் பரீட்சித்துப் பார்த்தார்கள், பரவவில்லை.

அதே டில்லியில் அடுத்த சில வருடங்களுக்குள் யாரும் திறப்பு விழா வைக்காத வேறொரு வண்டி வீதியை நிறைத்தது. சீனப் பாகங்களைச் சின்னச் சின்னக் கடைகளில் பொருத்திச் செய்த மின் ரிக்‌ஷா. மிதி இல்லை, சூரியனும் இல்லை, ஈய பெற்றரியை இரவில் வீட்டிலேயே சார்ஜ் போட்டார்கள். 2014 ஜூலையில் டில்லி உயர் நீதிமன்றம் பாதுகாப்பில்லை என்று தடை போட்டது. 2015இல் இந்தியா சட்டத்தையே திருத்தி அதை அனுமதித்தது. அது ஏன் வென்றது? பழுதானால் சந்தியில் இருக்கிற கடைக்காரர் திருத்துவார், ஓட்டுகிறவர் நாளைக்கே உழைக்கலாம். ஆராய்ச்சிக்கூடம் செய்த வண்டிக்கு இந்த இரண்டும் வாய்க்கவில்லை என்பது நம் எண்ணம்.

அப்படியானால் நம் வண்டியை மெக்கானிக் கடையிலிருந்து யோசிக்க வேண்டும். சட்டம், அச்சு, சங்கிலி எல்லாம் பாலாவியிலோ நுரைச்சோலையிலோ ஒட்டவும் மாற்றவும் முடிகிறதாக இருக்கட்டும்.

கணக்கு கஷ்டமில்லை, பத்தாம் தரப் பிள்ளைக்கும் விளங்கும். நல்ல உடம்புள்ளவர் தொடர்ந்து மிதித்தால் 75 முதல் 100 வாட் வரை தருவார். 100 வாட் தகடு ஒன்று அரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூட. நம்மூர் வெயிலை ஒரு நாளைக்கு ஐந்து மணிநேர முழு வெயில் என்று வைத்தால் 500 வாட்-மணி. வெப்பம், தூசி, வயர் என்று இழப்பைக் கழித்தால் கையில் மிஞ்சுவது 350 அளவில். மிதியும் சேரும்போது கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-மணி போதும். ஆக நாளொன்றுக்கு 25 முதல் 35 கிலோமீட்டர் உதவி. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போய்வர இது காணாது. தோட்டத்துக்கு, சந்தைக்கு, கிளினிக்குக்கு, பாடசாலைக்குப் போய்வரத் தாராளம். நம் வீதியில் ஏற்றமே இல்லை என்பதும் அல்லாஹ் தந்த வசதி. வண்டி காலை 7.30 முதல் 1.30 வரை பாடசாலை வளவில் நிற்கும்போதே சார்ஜ் ஏறும். என்ன, வேப்பமர நிழலைத் தேடி வண்டி நிறுத்தும் பழக்கத்தைத்தான் விட வேண்டியிருக்கும்!

சங்கடம் வெயிலில் இல்லை, காற்றில்தான். மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று வீசும்போது கற்பிட்டி வீதியில் சைக்கிள் ஓட்டினவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரர் அந்தக் காற்றில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிறார்கள், நம் பிள்ளைகள் அதே காற்றை எதிர்த்து வகுப்புக்கு வருகிறார்கள். தலைக்கு மேல் தகட்டைக் கூரையாகக் கட்டினால் பக்கக்காற்றில் அது பாய்மரம், வண்டி கவிழும். அதனால் தகட்டைப் பின்னால், தாழ்வாக, சாமான் பெட்டியின் மூடியாக வைக்க வேண்டும். சக்கரம் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, இருக்கை தாழ்வாக. அபாயா உடுத்த பெண்பிள்ளை பாரைத் தாண்டிக் காலைத் தூக்காமல் ஏற முடியும், சங்கிலியை மூடிவிட்டால் உடுப்பும் சிக்காது. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். சாதாரண தரம் வரை பக்கத்துப் பாடசாலைக்கு நடந்து வரும் பிள்ளை, உயர்தரத்துக்குத் தூரப் போக வேண்டும் என்றதும் நின்றுவிடுவதை வருடாவருடம் பார்க்கிறோம். பஸ் நேரத்துக்கு வராது, ஆட்டோவுக்குக் காசு காணாது, தனியே அனுப்ப உம்மாவுக்குப் பயம்.

அடுத்தது உப்பு. உப்பளத்துக் காற்று இரும்பையும் வயர் முனைகளையும் தின்றுவிடும். துருப்பிடிக்காத ஆணி, கிரீஸ் பூசி மூடிய இணைப்பு, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர்க் கழுவல் எல்லாம் கட்டாயம்.

பெற்றரிதான் விலையை ஏற்றுகிறது. ஈய பெற்றரி மலிவு, ஆனால் பாரம், கெதியாகச் செத்துவிடும். லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகை பாரத்தில் அதன் மூன்றில் ஒரு பங்குதான், பல வருடம் உழைக்கும், ஆனால் எடுத்த எடுப்பில் காசு கூட. இங்கேதான் சோலெக்‌ஷாவின் பாதி யோசனை நமக்கு உதவும். பெற்றரி ஒவ்வொருவரின் சொத்தாக இல்லாமல் ஜமாஅத்தின் அல்லது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் சொத்தாக இருக்கலாம், சின்னக் கட்டணத்துக்கு எடுக்கலாம். பள்ளிவாசல் கூரையில் விழும் வெயிலுக்கு இப்போது யாரும் கணக்குக் கேட்பதில்லை. நிலையம் பூட்டிக் கிடந்தாலும் பின்மூடித் தகடு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம், மாம்புரிப் பக்கம் காற்றாலைகள். நாட்டுக்கே மின்சாரம் நம் கரையிலிருந்து போகிறது. அதன் கீழே நடந்து போகிறவருக்கு 100 வாட் கேட்கிறோம், அவ்வளவுதான்.

2022இல் வாங்கி இப்போது கொட்டிலில் கிடக்கும் சைக்கிள், பழைய மூன்று சக்கரத் தள்ளுவண்டிச் சட்டம், வேலை செய்யும் பழைய சோலார் தகடு வைத்திருப்பவர்கள் கொமெண்டில் ஊர்ப் பெயரோடு போடுங்கள். வெல்டிங் தெரிந்த நானாமார் இரண்டு பேராவது வேண்டும். அடுத்த தவணை விடுமுறையில், சோளகம் வீசும்போதே ஒன்றைக் கட்டி ஓட்டிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். காற்றில்லாத மாதத்தில் ஓட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது.